வேர்த்தால் சூடு இறங்கும் என்றார்கள்

மத்தியான டீ வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வரும். அலுமினிய வாளியும் எவர்சில்வர் டம்ளர்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கேன்டீனிலிருந்து பிரஸ் ஷெட் வரைக்கும் வரும். அதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் கிளம்பிவிடும். சித்திரை வெயில். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே வரிசையாக ரப்பர் வேகவைக்கிற பிரஸ் மிஷின்கள். அதன் நடுவில் நிற்கிற மனிதனுக்குக் குடிக்கக் கொடுப்பது, நாக்கு பொத்துப்போகிற சூட்டில் டீ.

என் வீட்டுக்காரர் தனராஜ் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, ஊதி ஊதிக் குடிப்பார். குடித்து முடிப்பதற்குள் முகத்தில் தண்ணீர் கொட்டும். புருவத்தில் தேங்கி, மூக்கு நுனிக்கு வந்து, சொட்டும். பக்கத்தில் நின்று மேனேஜர் அதைச் சந்தோஷமாகப் பார்ப்பார்.

"பாத்தியா, எப்படி வேர்க்குது. வேர்த்தா சூடு இறங்கிடும். பாடி தானா கூல் ஆயிடும்" என்பார்.

இறங்கவில்லை ஐயா. ஒருநாளும் இறங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்தத் தொடரில் இந்த வாரம் மாமியார் வீட்டுக்கு வாழப்போன கதையை எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்குள் டி.வி.யில் ஒருத்தர் வந்து, கோடையில் சூடாக டீ குடியுங்கள், உடம்பு குளிரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஏ.சி. அறை, கழுத்தில் டை. ரிமோட்டைத் தூக்கி எறியலாம் போல வந்தது. மாமியார் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடை அது. எங்கள் பக்கத்து ஊரான ஸ்ரீபெரும்புதூரின் பெயர் அந்த வருஷம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் எழுதுவது குடிக்கிற தண்ணீரைப் பற்றி.

பானை போன கதை

ஒரகடம் சாலையில் இன்றைக்கு இருக்கிற கம்பெனிகளைப் பார்த்துவிட்டு அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது என்று நினைக்காதீர்கள். அப்போது வேர்க்கடலைக் காடும் ஏரியும்தான். நடுவில் அங்கொன்று இங்கொன்றாகச் சின்னக் கம்பெனிகள். எங்களுடையது ரப்பர் கம்பெனி. லாரி எஞ்சினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டைகள் செய்வோம்.

ஆண்கள் பிரஸ்ஸில் நிற்பார்கள். பச்சை ரப்பரைத் துண்டாக வெட்டி, கொதிக்கிற இரும்பு மோல்டில் வைத்து, அழுத்தி, வெந்ததும் எடுப்பார்கள். பெண்கள் நாங்கள் பக்கத்து அறையில் டிரிம்மிங். வெந்த கட்டையின் ஓரத்தில் பிதுங்கி நிற்கிற பிசிறைக் கத்தியால் சீவவேண்டும். சேரப்பணஞ்சேரியிலிருந்து நானும் அவரும் ஒரே சைக்கிளில் வருவோம்.

பிரஸ் ஷெட் வாசலில் மணலைப் பரப்பி அதன் மேல் பெரிய மண்பானை இருந்தது. அதில் தண்ணீர் சில்லென்று இருக்கும். ஆண்கள் ஒரு மோல்டு இறக்கிவிட்டு வந்து ஒரு சொம்பு குடித்துவிட்டு ஓடுவார்கள். அந்தப் பங்குனியில் சிலர் ஜுரத்தில் விழுந்தார்கள். ஏரியில் தண்ணீர் வற்றி, லாரித் தண்ணீர் குடித்த சமயம் அது. ஜுரம் ஊரிலேயே இருந்தது. மேனேஜர் கண்டுபிடித்தது வேறு. வேர்த்த உடம்போடு ஜில் தண்ணீர் குடிப்பதால்தான் ஜுரம் என்றார்.

மறுநாள் பானையைக் காணோம். அந்த இடத்தில் டிரம்மில் வெந்நீர். டீ இரண்டு வேளையிலிருந்து நான்கு வேளை ஆனது. கம்பெனி எல்லைக்குள் ஜில் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். அன்றிலிருந்து மேனேஜருக்குச் சுடுதண்ணி சார் என்று பேர்.

நியாயமாகச் சொல்வதென்றால் அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எங்கள் கம்பெனிக்கு வருவதற்கு முன் கர்னூல் பக்கம் ஒரு கல் குவாரியில் இருந்திருக்கிறார். பாறையில் வேலை செய்கிறவர்கள் உச்சி வெயிலில் டீ குடித்துவிட்டுத் தெம்பாக எழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறார். பார்த்ததை நம்பினார். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற நல்லவரை என்ன செய்வது?

காற்றே ஆகாத இடம்

பிரஸ் ஷெட்டில் ஃபேன் கிடையாது. இது எல்லா ரப்பர் கம்பெனியிலும் உள்ள வழக்கம்தான். காற்று பட்டால் மோல்டு சூடு குறையும், ரப்பர் சரியாக வேகாது. ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வெள்ளை மாவு தூவி வைப்பார்கள், அதுவும் பறக்கும். அதனால் பிரஸ் பக்கத்து ஜன்னல்களைப் பலகை அடித்தே மூடியிருந்தார்கள்.

உள்ளே போனால் கண்ணாடி போட்டவர்களுக்குக் கண்ணாடி மங்கிவிடும். ரப்பர் வேகிற ஆவி, மனிதர் விடுகிற மூச்சு, எல்லாம் அங்கேயே நிற்கும். ஈரத் துணியைக் கொடியில் போட்டால் சாயந்தரம் வரை ஈரமாகவே இருக்கும். துணியே காயாத இடத்தில் வேர்வை எங்கே காயும்? தோல் ஏப்ரனுக்கு உள்ளே வழிந்து, காலுக்கு இறங்கி, செருப்புக்குள் சளக் சளக் என்று நடப்பார்கள்.

அந்த வேர்வையைப் பார்த்துத்தான் சுடுதண்ணி சார் பூரித்துப்போவார்.

கோவிந்தன் அண்ணன் சாட்சி

லோடிங் மேஸ்திரி கோவிந்தன் அண்ணன் மட்டும் மேனேஜர் பக்கம். பின்பக்கம் திறந்த வெளியில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிற ஆட்களுக்கு அவர் தலைவர். ஏரிப் பக்கத்திலிருந்து அங்கே காற்று அடித்துக்கொண்டே இருக்கும்.

"சும்மா சொல்லக்கூடாது தங்கச்சி. டீ குடிச்சா மொதல்ல குபீர்னு வேர்க்குது. அப்பால ஜில்லுனு கீது. உள்ள நிக்கிறவனுங்கதான் சும்மா நடிச்சிக்கினு கீறானுங்க" என்பார்.

"ஒரு நாள் உள்ள வந்து நின்னு குடிச்சிட்டுச் சொல்லுண்ணே" என்பேன். வரமாட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியும். என் அப்பா ரோட்டுக்குத் தார் போட்டவர். வெயிலில் கொதிக்கிற தாருக்குப் பக்கத்தில் நின்று, கொதிக்கிற டீயைக் குடித்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அப்பாடா என்பார். அந்த அப்பாடா நிஜம். அப்பாவுக்கு ரோடு முழுக்கக் காற்று இருந்தது. கோவிந்தன் அண்ணனுக்கு ஏரி இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பலகை அடித்த ஜன்னல்.

ஒரு தூக்கு ஐஸ் தண்ணீர்

இவ்வளவு பொறுமிக்கொண்டு ஏன் அங்கே கிடந்தீர்கள் என்று கேட்பீர்கள். அவர் டெம்பரரி. ஆடி பிறந்தால் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் முழுகாமல் இருந்தேன். வயிறு வெளியே தெரிந்தால் பெண்களை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் குடும்பத்துக்கு அவர் வேலை ஒன்றுதான். அந்த ஆடி மாதத்தை நம்பித்தான் நாங்கள் இருவரும் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

கத்திரி வெயில் தொடங்கிய பிறகு அவர் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பார். கண் உள்ளே போய்விட்டது. "தல சுத்திக்கினே கீது எஸ்தரு" என்றார் ஒருநாள்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே ஒரு சோடாக் கடை. அங்கே ஐஸ் பாளத்தை மரத்தூளில் புதைத்து, மேலே கோணி போட்டு வைத்திருப்பார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் ஒரு துண்டு உடைத்து வாங்கினேன். கழுவி, குடிதண்ணீர்த் தூக்கில் போட்டு, முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்து, வேப்பமரத்தடியில் அவரிடம் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். மார்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். உயிர் வந்தது போலச் சிரித்தார். கொஞ்சத்தை எனக்கும் வைத்தார். நான் வேண்டாம் என்று சொல்லி முழுவதையும் குடிக்க வைத்தேன்.

அதன் பிறகு தினமும் கொடுத்தேன். தினமும் அவர் ஷிப்ட் முடியும்வரை நின்றார்.

ஒருநாள் சாப்பாடு முடிந்து வெகு நேரம் ஆகிவிட்டது. சாயந்தர டீ வந்து போனது. அடுத்த மோல்டைத் தூக்கும்போது அப்படியே சரிந்துவிட்டார். மேஜை விளிம்பில் நெற்றி பட்டது. நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். தலை முதல் கால் வரை வேர்வையில் ஊறிப்போய்க் கிடந்தார், குளத்திலிருந்து இழுத்துப் போட்டவர் மாதிரி. தொட்டால் உடம்பு கொதித்தது.

மேனேஜர் வந்து முதலில் கேட்ட கேள்வி, "இவன் என்ன குடிச்சான்?" என்பதுதான். விழுந்த மனிதன் மூச்சு விடுகிறானா என்று கேட்கவில்லை. யாரோ ஐஸ் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். மேனேஜர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன்.

"அதானே பார்த்தேன். சொன்னேன்ல" என்றார்.

டாக்டர் சொன்னது

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். ஈரத் துணியால் துடைத்து, ஃபேனுக்கு அடியில் படுக்கவைத்து, கண் திறந்ததும் சில் தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் கண் திறந்தார்.

"ஐஸ் தண்ணி குடிச்சதால இப்டி ஆவுமா சார்?" என்று கேட்டேன்.

"யாரும்மா சொன்னது? வேர்வை காஞ்சாத்தான் உடம்புச் சூடு போகும். சொட்டிக் கீழ விழுந்தா ஒரு பிரயோஜனமும் இல்ல. காத்து அடிக்கற இடத்துல சூடா டீ குடிச்சா வேர்த்து, காஞ்சு, குளிரும். காத்தே இல்லாத இடத்துல டீ குடிச்சா உள்ள சூடுதான் ஏறும். அங்க ஜில்லுனு குடிக்கறதுதான் நல்லது."

எனக்கு அந்த இடத்திலேயே கை எடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. "இதை எங்க மேனேஜர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றேன்.

அவர் ஸ்டெதஸ்கோப்பை மடித்து வைத்தார். "உங்க கம்பெனி ஆளுங்க எல்லாரும் இங்கதாம்மா வர்றாங்க. அவங்க விஷயத்துல என்னை இழுக்காத" என்றார். படித்த படிப்பு ஒருவருக்கு எப்போதெல்லாம் உதவாது என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

விசாரணை

மேனேஜர் அறையில் விசாரணை வைத்தார்கள். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. என்னையும் கூப்பிட்டார்கள்.

"நீதான் ஐஸ் தண்ணி கொடுத்தியாம்மா?"

"ஆமா சார். நான்தான் குடுத்தேன். தெனமும் குடுத்தேன். மத்த நாளெல்லாம் இன்னாத்துக்கு வுழாம நின்னாரு?"

"எதிர்த்துப் பேசாத. ரூல் இருக்கு."

"ஷெட்டுல காத்து இல்ல சார். வேர்வை காயவே மாட்டேங்குது. டாக்டரே சொல்றாரு."

"டாக்டர் எழுதிக் கொடுத்தாரா?"

அந்த டாக்டர் எங்கே எழுதிக் கொடுப்பார்? கோவிந்தன் அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். டீ குடித்தால் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த உண்மையை அவர் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் குரல்வளையைப் பிடிக்கலாம் போல எனக்கு ஆத்திரம்.

கடைசியில் மேனேஜர் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். திங்கட்கிழமை காலை ஷிப்ட் தொடங்கும்போது, எல்லார் முன்னாலும் தனராஜ் சொல்லவேண்டும். ஐஸ் தண்ணீர் குடித்தது என் தப்பு, அதனால்தான் மயங்கி விழுந்தேன் என்று. சொன்னால் வேலை உண்டு. ஆடி மாதம் பர்மனென்ட்டும் உண்டு. சொல்லாவிட்டால் இல்லை.

திங்கட்கிழமை காலை

சைக்கிளில் போகும்போது அவர் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே மிதித்தார். "ஐஸ் தண்ணி குடிச்சது என் தப்பு. அதனாலதான் மயங்கினேன்." பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"வெக்கமா இல்லியா உங்களுக்கு?" என்றேன்.

"வேல வேணும் எஸ்தரு. புள்ள வரப்போவுது. வாய் வார்த்ததானே, சொல்லிட்டுப் போறேன்."

"அப்ப நான் குடுத்தது வெசமா?"

அவர் மிதித்துக்கொண்டே போனார். அதற்குமேல் அதைச் சொல்லிப் பார்க்கவில்லை.

கம்பெனி வாசலில் எல்லாரும் நின்றார்கள். பிரஸ் ஆட்கள், லோடிங் ஆட்கள், டிரிம்மிங் பெண்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடு அவர் முன்னால் வந்து நின்றார். கூச்ச சுபாவம். கோயிலில் பைபிள் வாசகம் படிக்கக் கூப்பிட்டால்கூட ஓடி ஒளிகிறவர்.

"ஐஸ் தண்ணி குடிச்சேன் சார்" என்றார்.

மேனேஜர் தலையாட்டினார். மேலே சொல் என்பது போலக் கையைக் காட்டினார்.

"என் பொண்டாட்டி குடுத்தா. சாயந்தரமும் ரெண்டு மடக்கு கெடச்சிருந்தா வுழுந்திருக்க மாட்டேன் சார்" என்றார்.

பிரஸ் ஆட்களில் ஒருவர் விசும்பியது கேட்டது. மேனேஜர் முகம் சிவந்து, கேட்டைக் காட்டினார். என் வீட்டுக்காரர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் உள்ளே போய்க் கத்தியை எடுத்தேன். போகாமல் என்ன செய்வது? இப்போது என் சம்பளம் மட்டும்தான்.

எனக்கு அவர் மேல் பெருமையாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. பெருமை உலை வைக்காது.

கொப்புளம்

வயிறு தெரியாமல் இருக்கப் புடவையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். அவர் சுங்குவார்சத்திரம் பக்கம் செங்கல் சூளை, கட்டட வேலை என்று கிடைத்ததைச் செய்தார்.

சில வாரங்களில் டிரிம்மிங்குக்கு வருகிற கட்டைகளில் கொப்புளம் வர ஆரம்பித்தது. வெளியே வழவழவென்று இருக்கும். பிசிறைச் சீவும்போது உள்ளே பொக்கென்று ஓட்டை. முதலில் ஒன்றிரண்டு. பிறகு கூடை கூடையாக. மெட்ராஸில் வாங்குகிற கம்பெனி லோடையே திருப்பி அனுப்பிவிட்டது. அங்கிருந்து இன்ஸ்பெக்டர் ஒருவர் பார்க்க வந்தார்.

ஷெட்டுக்குள் போனார். மோல்டைப் பார்த்தார், ரப்பரைப் பார்த்தார். அப்போதுதான் டீ குடித்து முடித்திருந்த ஆபரேட்டர் பச்சை ரப்பரை எடுத்து வைக்கக் குனிந்தார். அவர் மூக்கிலிருந்து வேர்வை பொட்டுப் பொட்டாக அதன் மேல் விழுந்தது. எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சார் இது, இப்படிக் கொட்டுது? இந்தத் தண்ணிதான் உள்ள மாட்டி ஆவியாகிக் கொப்புளம் வைக்குது. முதல்ல இவங்க வேர்வையை நிறுத்துங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவ்வளவுதான். பலகையைப் பிய்த்து ஜன்னலைத் திறந்தார்கள். சுவரின் உச்சியில் சூட்டை வெளியே இழுக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினார்கள். மோல்டு மேல் காற்றே படவில்லை. வெள்ளை மாவும் பறக்கவில்லை. இவ்வளவு நாளும் அது முடிகிற காரியமாகத்தான் இருந்திருக்கிறது. வாசலில் எவர்சில்வர் வாட்டர் கூலர் வந்தது. புது உத்தரவும் வந்தது: பிரஸ் ஷெட்டில் சூடான டீ கூடாது. வேர்க்கும்.

மனிதன் விழுந்தபோது வராத ஃபேன், ரப்பரில் கொப்புளம் வந்ததும் வந்துவிட்டது. அதுவும் ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிற மாதத்தில்.

நேராக மேனேஜரிடம் போனேன். கூலர் பக்கத்தில் நின்று யாருக்கோ அதைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க வூட்டுக்காரரு சொன்னதத்தானே சார் இப்ப செஞ்சிருக்கீங்க. அவர திருப்பிக் கூப்பிடுங்க" என்றேன்.

"அது வேறம்மா. அப்ப இருந்த ரூலை அவன் மீறினான். ரூல் இப்ப மாறினா அப்ப மீறினது சரின்னு ஆயிடுமா?" அமைதியாகச் சொன்னார், குழந்தைக்குச் சொல்வது போல. பிறகு என் வயிறு அவர் கண்ணில் பட்டது. முகம் இளகியது. டம்ளரை எடுத்து, குழாயைத் திருகி, நிரப்பி நீட்டினார். "நிக்காத. உக்காந்து குடி. வெயில்ல தொண்டை காஞ்சிருக்கும்."

முகத்தில் விசிறி அடித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் இந்த அத்தியாயத்தை இன்னும் நிமிர்ந்து எழுதியிருப்பேன். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வாங்கினேன். குடித்தேன். பல் கூசுகிற சில்லிப்பு தொண்டையில் இறங்கி, நெஞ்சில் பரவி, உடம்பு முழுக்க ஆறியது. கண் தானாக மூடிக்கொண்டது.

அந்த மேனேஜரை எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்தத் தண்ணீர் அவ்வளவு சுகமாக இருந்ததைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.